கல் கட்டக் கூடாத காய்

மாமா, இன்று காலை புடலைக் கொடியில் நுனி கிள்ளினேன். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கை நாறுகிறது. புடலை இலையின் நாற்றத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "அந்தக் கையோட டம்ளரத் தொடாதடா மச்சான், டீ கெட்டுப் பூடும்" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பீர்கள். இன்று குரல் இல்லை. டம்ளரைத் துண்டால் பிடித்துக்கொண்டு குடித்தேன். குடித்து முடித்ததும் இந்த நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். ஆனாலும் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஹெட்மாஸ்டரே நாற்காலியை விட்டு எழுந்து நின்றார் என்று உங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். "நோட்டத் தூக்கி எறியறதுக்கு எய்ந்திருப்பாரு" என்பீர்கள். போகட்டும். அந்தக் கையெழுத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் அக்காவைக் கட்டிய நீங்கள் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்தீர்கள். நான் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்த வருஷம், இரண்டு வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவில் சவுக்குக் கம்பு நட்டு ஒரே பந்தல் போட்டோம். கிழக்குப் பாதியில் உங்கள் பீர்க்கை, மேற்குப் பாதியில் என் புடலை. உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு பந்தல் கிடையாது. ஹெலிகாப்டரில் போனவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று நான் சொன்னால் பஜாரில் பாதிப் பேர் நம்புவார்கள். மீதிப் பாதி உங்களைப் பார்ப்பார்கள். நீங்கள் ஆமாம் என்றும் சொல்ல மாட்டீர்கள், இல்லை என்றும் சொல்ல மாட்டீர்கள். பீடியைப் பற்றவைப்பீர்கள்.

ஆடி பிறந்ததும் இரண்டு பேரும் ஒரே நாளில்தான் விதை போடுவோம். ஒரே எரு, ஒரே கிணற்றுத் தண்ணீர். ஆனால் இரண்டு செடியும் குணத்தில் உங்களையும் என்னையும் போலத்தான். உங்கள் பீர்க்கை ஐந்தாம் நாள் சொன்ன சொல் தவறாமல் முளைத்து நிற்கும். என் புடலை விதைக்குத் தோல் தடிப்பு. முந்தின நாளே ஊறப்போட வேண்டும், அப்படியும் பத்து நாள் ஆகும். அந்த ஐந்து நாளும் எனக்கு உங்களிடம் பேஜார்தான்.

"இன்னா மச்சான், என் வூட்டுப் புள்ளைங்க எய்ந்து பல்லு வெளக்கிட்டுதுங்க. உன் வூட்டுதுங்க இன்னும் போர்வைய வுட்டு வெளிய வரலியா?"

"பெரிய வூட்டுப் புள்ளைங்க மாமா. லேட்டாத்தான் எந்திரிக்கும்."

"எந்திரிச்சி இன்னா, குண்டியில கல்லு கட்டிக்கினு தொங்கப் போவுதுங்க."

கல் கட்டுவது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை, எல்லாரும் செய்வதுதான். புடலம்பிஞ்சு விரல் நீளம் வந்ததும் சுருண்டுகொள்ளப் பார்க்கும். அதன் நுனியில் சணல் நூலில் ஒரு கூழாங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் நேராக இறங்கும். ஏரி மதகடியில் பொறுக்கி வந்த கற்களை அளவு பார்த்து டப்பாவில் வைத்திருப்பேன். என் காய் ஒன்று ஏழு அடி இறங்கியது. எட்டு என்று ஊரில் சொன்னேன். பிறகு எனக்கே எட்டு என்றுதான் ஞாபகம்.

பீர்க்கைக்கு இந்த வைத்தியம் எதுவும் வேண்டாம். அது தன் எடையிலேயே நேராகத் தொங்கும். அதற்கு வேண்டியது வேறு. வேரடி காயாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். காலையில் பனி காய்வதற்குள் இலைமேல் சாம்பல், இல்லாவிட்டால் சிவப்பு வண்டு சல்லடையாக்கிவிடும். பிஞ்சில் ஈ குத்தாமல் இருக்க நீங்கள் பேப்பரைச் சுருட்டி ஒவ்வொன்றுக்கும் சட்டை போடுவீர்கள். ஈ குத்திக் கீழே விழுந்த பிஞ்சைத் தோட்டத்தில் போட்டுவைக்காமல் குழி தோண்டிப் புதைப்பீர்கள். பறிப்பதிலும் உங்கள் காய்க்குப் பொறுமை கிடையாது. ஒரு நாள் தள்ளிப்போனால் நார் விட்டுவிடும். என் புடலை நாலு நாள் கூடத் தாங்கும். அதற்கு மேல் விட்டால் பழுத்துச் சிவந்து வெடித்து, கிளிக்கு விருந்து வைக்கும்.

எரு விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பேச்சைக் கேட்டதில்லை. கூடை கூடையாகக் கொட்டுவேன். இலை ஒவ்வொன்றும் தாம்பாளம் போல விரியும், காயைக் காணோம். உங்கள் பக்கம் இலை சிறிசு, பொழுது சாயும்போது பந்தல் முழுக்க மஞ்சள் பூ. என் வெள்ளைப் பூ இருட்டின பிறகுதான் விரியும், அதைப் பார்க்க ஆளிருக்காது. அதனால்தான் அதைப் பற்றி நான் நிறையச் சொல்ல வேண்டியிருந்தது.

இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் உங்கள் பீர்க்கைக்கும் பேர் வந்தது. உங்கள் காய் கசந்ததே இல்லை. மற்ற வீடுகளில் பீர்க்கை கசந்து ஒரு சட்டி கூட்டை அப்படியே கொட்டுவார்கள். உங்கள் காயைக் கண்ணை மூடிக்கொண்டு நறுக்கலாம், தோலைக்கூடத் துவையல் அரைக்கலாம். ஏன் என்று கேட்டவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல மாட்டீர்கள். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? ஐயங்கார்குளத்துக் குளக்கரையில் ஒரு சாமியார் உங்களைக் கூப்பிட்டு, மடியிலிருந்து மூன்று விதை எடுத்துக் கொடுத்தார் என்று நான்தான் சொன்னேன். இரண்டு வருஷத்தில் அந்தக் கதை மானாம்பதி வரைக்கும் போய், மூன்று விதை ஐந்தாகித் திரும்பி வந்தது.

போன ஐப்பசியில் உங்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று உங்கள் மகள் ஏனாத்தூரில் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். கார் வந்து நின்ற பிறகும் நீங்கள் பந்தலடியில்தான் இருந்தீர்கள். அந்த வருஷம் இருந்த விதையையெல்லாம் ஆடியிலேயே போட்டுவிட்டீர்கள். காய் எல்லாம் பறித்தாயிற்று. மழையில் கொடியும் மஞ்சள் தட்டத் தொடங்கியிருந்தது. விதைக்கென்று ஒரே ஒரு காயை விட்டுவைத்திருந்தீர்கள். அதைக் காட்டி என்னிடம் சொன்னீர்கள்.

"மச்சான், இத்த மட்டும் பறிச்சிடாத. கொடியிலயே காயட்டும். ஆட்டுனா உள்ள கலகலன்னு சத்தம் வரணும். தையில வந்து நானே பறிச்சிக்கிறேன். நீ ஒன்னும் பண்ணாத. கேக்குதா? ஒன்னும் பண்ணாத."

"நான் இன்னா மாமா பண்ணப் போறேன்?"

"அதான் பயமா கீது."

நான் ஒன்றும் பண்ணாமல்தான் இருந்தேன், இரண்டு வாரம். அப்புறம் ஒரு யோசனை வந்தது. நீங்கள் தையில் வந்து பார்க்கும்போது அசந்து போக வேண்டும். இரண்டு முழப் பீர்க்கங்காயை இந்த ஜில்லாவே கண்டதில்லை. புடலைக்கு நீட்டம் கொடுக்கிற கல் பீர்க்கைக்குக் கொடுக்காதா? டப்பாவிலிருந்து ஒரு நடுத்தரக் கல்லாகப் பார்த்து எடுத்து, நுனியில் சணல் கட்டித் தொங்கவிட்டேன். மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள் விடிகாலையில் மழை அடித்தது. விடிந்து போய்ப் பார்த்தால் காயும் கல்லும் சேற்றில் கிடந்தன. புடலைக் காம்பு ரப்பர் மாதிரி இழுபடும். பீர்க்கங்காம்பு அப்படியில்லை, கணுவில் முறிந்துவிடும். அதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். காயைப் பிளந்து பார்த்தேன். விதை எல்லாம் வெள்ளையாக, நகம் பட்டாலே நசுங்குகிற பிஞ்சு. ஒன்றுகூடத் தேறாது.

அன்றைக்கு சாயங்காலம் போன் செய்தீர்கள்.

"காயி எப்பிடி கீது?"

"சூப்பரா கீது மாமா. ஒரு மொழம் வந்துடுச்சி."

அடுத்த வாரம் ஒன்றேகால் முழம். அதற்கடுத்த வாரம் ஒன்றரை. உங்களுக்கு மூச்சு குறையக் குறைய நான் காயை நீட்டிக்கொண்டே போனேன். அது வளர்ந்த கதையைக் கேட்கும்போது நீங்கள் இருமாமல் இருந்தீர்கள், அதனால் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. அது விழுந்தபோது அதன் அளவு ஒரு ஜாண் நான்கு விரல். அதை இப்போதுதான் உங்களிடம் சொல்கிறேன்.

மார்கழியில், "காஞ்சிருக்கும். பறிச்சிக்கினு வா, பாக்கணும்" என்றீர்கள். அடுத்த நாள் விடிந்ததும் மானாம்பதிக்கு பஸ் ஏறினேன். ஒரு வீட்டு வேலியில் காய்ந்த பீர்க்கங்காய் ஒன்று தொங்கியது. வீட்டுக்காரர் வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கேட்டேன். "இன்னாத்துக்கு?" என்றார். "மருந்துக்கு" என்றேன். கதை எதுவும் சொல்லாமல் நான் ஒரு பொருளைக் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவர் பறித்துக் கொடுத்துவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஏனாத்தூரில் நீங்கள் கட்டிலில் தலையணைக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தீர்கள். காயை வாங்கிக் காதருகே வைத்து ஆட்டினீர்கள். பிறகு காயைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

"இன்னா மச்சான், ஒன்றரை மொழம்ன, இது ஒன்னுக்கே மூச்சு வாங்குது?"

"காஞ்சா சுருங்கும் மாமா."

"நான் கூடத்தான் சுருங்கிட்டேன்." சிரித்தீர்கள், இருமினீர்கள். "காம்பு நல்லா கீது. கல்லு கில்லு கட்டலியே?"

"சத்தியமா இல்ல மாமா."

அந்தக் காயைப் பொறுத்தவரை அது சுத்த உண்மை. நீங்கள் காயை அக்கா கையில் கொடுத்துவிட்டு, எனக்கு நாஷ்டா போடச் சொன்னீர்கள். மார்கழி முடிவதற்குள் உங்களை ஊருக்குக் கொண்டுவந்தோம். வண்டியிலிருந்து நீங்களாக இறங்கவில்லை.

இந்த ஆனி மாதம் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. விதை போடும் சமயம் நெருங்கியதும் ஒருத்தர் ஒருத்தராக அக்காவிடம் வந்து அந்தப் பீர்க்கை விதையைக் கேட்டார்கள். ஐந்து வீட்டுக்குக் கொடுத்தாள். ஐந்தாவது ஆள் ஞானம்மா. நடவு இல்லாத நாளில் உத்திரமேரூர் பஜாரில் கூடை வைத்துக் காய்கறி விற்பவள். "மாமா பீர்க்கைன்னு சொன்னாலே பஜார்ல வாங்கிடுவாங்கண்ணா. சாமியார் குடுத்த வெதையாச்சே" என்று என்னிடமே சொல்லிவிட்டு, விதையை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். மானாம்பதிக் காய் எப்படிப்பட்டதோ, யார் கண்டது? கசந்தால் ஞானம்மா கூடை போகும். அதைவிட, இத்தனை வருஷம் கசக்காத உங்கள் பேர் பஜாரில் நாலு பேர் காறித் துப்புகிற பேராகிவிடும். அதுவும் நான் கட்டின ஒரு கல்லால்.

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, கல் கட்டியதிலிருந்து மானாம்பதி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"தெரியும்டா."

"எப்பிடி?"

"நீ அன்னிக்கி பஸ் ஏறிப் போனதுமே சொன்னாரு. 'இது என் கொடியில காச்சது இல்ல, சத்தமே வேற. எவன் வூட்டு வேலியிலயோ கேட்டு வாங்கிக்கினு வந்துகீறான். பரவால்ல, நல்ல காயிதான். போடச் சொல்லு'ன்னாரு."

"அப்ப ஏன்க்கா மாமா வெதைன்னு ஊருக்குக் குடுத்த?"

"நான் எப்பச் சொன்னேன்? வெதை கேட்டாங்க, குடுத்தேன். மாமா வெதை, சாமியார் வெதைன்னு ஊரெல்லாம் அடிச்சிக்கினு திரிஞ்சவன் நீதான?"

அக்கா கீரையைக் கீழே வைத்தாள்.

"சாமியாரும் இல்ல, ஒன்னும் இல்ல. எங்களுக்குக் கண்ணாலம் ஆன வருசம் சந்தையில வாங்கன வெதைடா அது. மொத வருசம் பாதி கசந்துது. நீ அப்ப லாரியில எங்கியோ சுத்திக்கினு இருந்த. தெனம் காலீல எய்ந்து ஒவ்வொரு கொடியிலயும் காய் நுனியக் கடிச்சிப் பாப்பாரு. கசந்தா அந்தக் கொடிய அன்னிக்கே புடுங்கிடுவாரு, பூவும் பிஞ்சுமா இருந்தாலும் வுட மாட்டாரு. கசக்காத கொடியில இருந்துதான் வெதைக்கி எடுப்பாரு. நாலஞ்சு வருசம் வாயெல்லாம் கசந்துகினு கெடந்தாரு. அப்பறம்தான் நீ சொல்ற சாமியார் வந்தாரு."

அதே பந்தலில் அத்தனை வருஷம் உங்கள் பக்கத்தில் நின்றவன் நான். இதை நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. கேட்க எனக்கு ஏது இடைவெளி, நான்தானே பேசிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே ஐந்து வீட்டுக்கும் போனேன். இது மாமா விதை இல்லை, மானாம்பதி விதை, கசந்தாலும் கசக்கும், போடாதீர்கள் என்றேன். எட்டடிப் புடலையை நம்பின ஊர், ஹெலிகாப்டரை நம்பின ஊர், இதை நம்பவில்லை. முதல் வீட்டில் சிரித்தார்கள். இரண்டாவது வீட்டில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ஞானம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாண்ணா, வெதையத் திருப்பி வாங்கிக்கப் பாக்கறியா? ஊர்ல நீ ஒருத்தனே போட்டுக்கினு, நீ ஒருத்தனே பேர் வாங்கலாம்னா?"

"இல்லம்மா, நெஜமாத்தான் சொல்றேன்."

"நீயா? நெஜமா?" என்றாள். உள்ளேயிருந்து அவள் புருஷன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

எல்லாரும் போட்டார்கள். நானும் போட்டேன், உங்கள் கிழக்குப் பாதியில். ஐந்து வீட்டிலும் என் பந்தலிலுமாகப் பதினோரு கொடி ஏறியது. பிஞ்சு பிடித்த நாளிலிருந்து விடிந்ததும் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு கொடியிலும் காய் நுனியைக் கிள்ளிக் கடித்துப் பார்க்கிறேன். கடித்துப் பார்க்காத காயைக் கூடையில் போடக் கூடாது என்று எல்லாரிடமும் கெஞ்சி வைத்திருக்கிறேன். நாய்கள் முதலில் குரைத்தன, இப்போது கூடவே வருகின்றன. நான்காவது வீட்டில் ஒரு கொடி கசந்தது, பிடுங்கினேன். முந்தாநாள் ஞானம்மா வீட்டில் நல்ல செழிப்பான கொடி, பிஞ்சே இருபதுக்குக் குறையாது, அதுவும் கசந்தது. சத்தியமாக இருபது மாமா, எண்ணினேன். அதன் காய் நுனியை அவளிடம் நீட்டினேன். கடித்தாள். முகம் கோணியது. அடுத்த வினாடி அவளே குனிந்து வேரோடு இழுத்தாள். இழுத்துவிட்டு என்னை நன்றாகத் திட்டினாள். அது எனக்கு நியாயமாகவே பட்டது.

அவள் கூடை காலியாகப் போகக் கூடாதென்று இன்றைக்கு நம் பந்தலிலிருந்து பறித்துக் கொடுத்தேன், ஒவ்வொன்றும் கடித்துப் பார்த்த கொடியின் காய். அடுக்கிக்கொண்டே கேட்டாள்:

"எந்த வெதைன்னு பஜார்ல கேப்பாங்க. இன்னா சொல்லட்டும்?"

"மானாம்பதியில ஒருத்தர் குடுத்தாரு. எங்க மாமா போடச் சொன்னாரு. கடிச்சிப் பாத்து வளத்துதுன்னு சொல்லு."

காத்திருந்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

கூடையைத் தலையில் ஏற்றப் போனவள் கீழே இறக்கிவைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது மாமா. நாக்குதான் கொஞ்சம் மரத்திருக்கிறது, டீயில் சர்க்கரை போட்டார்களா இல்லையா என்று தெரிவதில்லை. பதினொன்றில் ஒன்பது கொடி நிற்கிறது. இன்னும் நாலு வருஷம் இப்படிக் கடித்தால் விதை தேறும் என்கிறாள் அக்கா. நாளைக்கு முதல் வீட்டில் ஆரம்பிக்க வேண்டும்.